மீனாட்சியம்மாளும் தோட்டத்துப் பெண்களின் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் எங்கள் பெண்கள் வாசிப்பு வட்டம், கடந்த சில மாதங்களாக இலங்கை மலையகத்தின் முன்னோடிப் பெண் பத்திரிகையாளர் மீனாட்சியம்மாளைப் பற்றிப் பேசி வருகிறது. பால்மரம் வெட்டி (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து) ஓய்ந்த பாட்டிமார், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து ஏறும் இளம்பெண்கள் என்று எல்லாரும் வரும் கூட்டம் என்பதால் கேள்விகளும் பல திசைகளிலிருந்து வந்தன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை விடைகளோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

மீனாட்சியம்மாள் யார்?

இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவி, அவரோடு சேர்ந்து பத்திரிகை நடத்தியவர், பாட்டு எழுதியவர், எழுதிய பாட்டைத் தாமே மேடையேறிப் பாடியவர். தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கை சென்ற நடேசய்யர், 1924-இல் 'தேசபக்தன்' ஏட்டைத் தொடங்கினார்; 1931-இல் அட்டன் நகரைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். ஏட்டிலும் சங்கத்திலும் மீனாட்சியம்மாளின் உழைப்பு கலந்திருந்தது. நடேசய்யரைப் பற்றி எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்க, மீனாட்சியம்மாளுக்கு அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு பத்திதான் கிடைக்கிறது என்பது எனக்கு நெடுநாளாக இருந்துவரும் வருத்தம். இந்தக் கேள்வி பதில்களை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கணவர் நடத்திய பத்திரிகையில் எழுதியவரை முன்னோடி என்று சொல்லலாமா?

எங்கள் கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வியே இதுதான். கேட்டவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கேள்வி நியாயமானது. ஆனால் 1920-களில் ஒரு தமிழ்ப்பெண் அச்சகத்துக்குள் காலெடுத்து வைக்கக் குடும்பத்தைத் தவிர வேறு எந்த வாசல் திறந்திருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த வாசல் வழியே உள்ளே போனவர் அங்கே என்ன செய்தார் என்பதை வைத்தே அவரை அளக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். மீனாட்சியம்மாள், கணவர் எழுதியதைப் படியெடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடவில்லை. பத்திரிகையின் ஆசிரியப் பணியில் பங்கு கொண்டார். பெண்களின் நிலை குறித்தும், குறிப்பாகப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பது குறித்தும் தம் பெயரில் எழுதினார். பெண்ணுக்கென்று ஏட்டில் இடம் ஒதுக்கினால் சமையல், குழந்தை வளர்ப்பு, பக்தி என்று நிரப்புவதே வழக்கமாக இருந்த காலத்தில், அந்த இடத்தை அவர் வாக்குச்சீட்டைப் பற்றிப் பேசப் பயன்படுத்திக் கொண்டார்.

அதே காலத்தில் சென்னையில் வை. மு. கோதைநாயகி 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே நடத்தி, கதை எழுதும் பெண்களுக்கு ஒரு பாதையைத் திறந்து கொண்டிருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். ஆனால் தோட்டத்துப் பெண்ணைப் பார்த்து, அவளுடைய கூலியையும் வாக்கையும் ஒரே மூச்சில் பேசிய எழுத்து என்று தேடினால், நம் கை மீனாட்சியம்மாளிடம்தான் போய் நிற்கிறது.

அப்போது இலங்கையில் பெண்களின் வாக்குரிமை எந்த நிலையில் இருந்தது?

சொத்தும் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டுமே வாக்களித்த காலம் அது. மொத்த மக்களில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் 4 விழுக்காட்டளவே இருந்தனர். இந்த நிலையில், அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய 1927-இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்தது. அதே ஆண்டு கொழும்பில் படித்த குடும்பத்துப் பெண்கள் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்து, ஆணைக்குழுவின் முன் சென்று வாதிட்டார்கள்.

அங்கே நடந்த ஓர் உரையாடல் தோட்டப்புறத்திலிருந்து வரும் நாம் மறக்கக்கூடாதது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று டொனமூர் பிரபு கேட்டபோது, சங்கத்தின் செயலாளராக இருந்த ஆக்னஸ் டி சில்வா, அவர்களும் பெண்கள்தாம், எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று தயங்காமல் சொன்னார். ஒரு சிங்களத் தலைவரின் மனைவியான அவர், கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தம்மோடு நிறுத்திப் பேசிய அந்தக் கணத்தை நான் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. தமிழர் தலைவர்களில் பெரியவராக மதிக்கப்பட்ட சர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கும் சாதாரண மக்களுக்கும் வாக்குரிமை தருவதைக் கடுமையாக எதிர்த்தார். ஆணைக்குழு 1928-இல் அளித்த அறிக்கை, பெண்களுக்கு 30 வயதுக்கு மேல்தான் வாக்கு என்று பரிந்துரைத்தது. பின்னர் அது 21 ஆகக் குறைக்கப்பட்டு, 1931-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வாக்களித்தார்கள். கொழும்பில் ஆங்கிலத்தில் நடந்த இந்த வாதத்தைத் தமிழில், தோட்டத்துப் பக்கம் கொண்டுவந்து சேர்த்ததுதான் மீனாட்சியம்மாள் எழுத்தின் பணி. ஒரு சட்டம் வரப்போகிறது என்பதும், அது தன்னைப் பற்றியது என்பதும் தெரிந்தால்தானே ஒரு பெண் அதைக் கேட்டு வாங்க முடியும்?

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் பத்திரிகை எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பாட்டாகப் போய்ச் சேர்ந்தது. தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. பத்திரிகை வாங்கக் காசும் இல்லை, படிக்க எழுத்தும் இல்லை. எனவே மீனாட்சியம்மாள், மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் முதலில் பாடினார். பாட்டுக்குக் கூடியவர்கள் பேச்சையும் கேட்டார்கள். பாட்டுகள் சிறு வெளியீடுகளாக அச்சாகிக் கைமாறின. 1940-இல் அவருடைய பாடல்கள் நூலாகவும் வந்தன. இலங்கை அரசு அதற்கு முந்தைய ஆண்டுதான் தன் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலைநீக்கம் செய்யத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்து அச்சமும் கோபமும் அப்பாடல்களின் பின்னணியில் இருக்கின்றன.

இதை வெறும் பிரசார உத்தி என்று சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நடவுக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் பாட்டு என்பது பெண்களின் கையில்தான் இருந்தது. அதே பாட்டில் கூலியும் சட்டமும் வந்து உட்கார்ந்தபோது, அரசியல் என்பது ஆண்கள் மர நிழலில் கூடிப் பேசும் ஏதோ ஒன்று என்ற எண்ணம் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். ஒரு பாட்டை ஒருமுறை கேட்ட பெண் அதை நிரையில் நின்று கொழுந்து பறித்தபடியே பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்ல முடியும். அதற்குக் கங்காணியின் அனுமதி வேண்டியதில்லை.

நம் வீடுகளிலும் இதற்கு நிகரான ஒன்று நடந்திருக்கிறது. என் பாட்டி ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுத்தறிந்த ஒருவர் 'தமிழ் நேசன்' ஏட்டை உரக்கப் படிப்பார் என்றும், ஆண்கள் முன்னால் உட்கார, பெண்கள் கதவோரம் நின்று கேட்பார்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 1924-இல் தொடங்கி 2019 ஜனவரி இறுதியில் நின்றுபோன அந்த ஏட்டை அவர் ஒரு வரிகூடப் படித்ததில்லை; ஆனால் அதில் வந்த செய்திகளை இறுதிவரை நினைவில் வைத்திருந்தார்.

மீனாட்சியம்மாள் தேர்தலில் வென்று பதவி வகித்தாரா?

இல்லை. அன்றைய இலங்கைச் சட்டமன்றங்களான சட்டநிரூபண சபையிலும் அதன்பின் வந்த அரசாங்க சபையிலும் உறுப்பினராக இருந்தவர் நடேசய்யர். புதிய வாக்குரிமையின் கீழ் அரசாங்க சபைக்குள் முதலில் சென்ற பெண் அடலின் மொலமுறே. அவரை அடுத்து 1932-இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து வென்றார். இருவரும் வசதி படைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

அப்படியானால் அவருடைய செல்வாக்கை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதவியை மட்டும் அளவுகோலாக வைத்தால் தோட்டத்துப் பெண்களின் அரசியல் வரலாறு ஏறக்குறைய வெற்றுத்தாளாகத்தான் இருக்கும். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். அந்நாளைய ஆவணங்களில் தோட்டத்துப் பெண் ஒரு கணக்காகத்தான் வருகிறாள்: இலங்கையில் 1927-ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி, சிறுவருக்கு இன்னும் குறைந்த கூலி என்று வகுத்தது, மலாயாவிலும் அக்காலத்தில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டிருந்தன. மீனாட்சியம்மாள் அவளை ஒரு குடிமகளாக விளித்துப் பேசினார். தன்னை யாரோ ஒருவர் அப்படிக் கூப்பிட்டுப் பேசியதைக் கேட்ட பெண், அடுத்த கூட்டத்துக்குப் பின்வரிசையிலாவது வந்து உட்காருவாள். இலங்கைத் தோட்டங்களில் ஆண், பெண் சமகூலி 1984-இல்தான் வந்தது என்பதைப் பார்க்கும்போது, அந்தக் குரல் எவ்வளவு முன்னதாக எழுந்தது என்பது விளங்கும்.

1931-இல் கிடைத்த வாக்குரிமை மலையகப் பெண்களுக்கு நிலைத்ததா?

நிலைக்கவில்லை. தொடக்கத்திலேயே இந்தியத் தொழிலாளருக்கு நிரந்தரக் குடியிருப்பு, சொத்து, எழுத்தறிவு என்று நிபந்தனைகள் வைத்ததால் பலர் பதிவாகவில்லை. நாடு விடுதலை பெற்ற 1948-இலேயே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது.

நம் நாட்டிலும் விடுதலை பெற்ற 1957-க்குப் பிறகு குடியுரிமைத் தாள்களைச் சரிவர எடுத்து வைக்காத தோட்டத்து மக்கள், 1960-களின் இறுதியில் வேலை அனுமதி முறை வந்தபோது வேலையிழந்தார்கள், பலர் கப்பலேறினார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்குவது வீட்டு ஆண்களின் வேலை என்று விட்டுவிட்டதால், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடே வயதான பெண்களை இன்றும் நம்மிடையே பார்க்கிறோம். நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டியும் ஒருமுறைகூட வாக்களிக்காத ஒரு பாட்டி எங்கள் கூட்டத்துக்கே வருகிறார்.

மலாயாத் தோட்டங்களில் பத்திரிகைக்கும் பெண்களின் அரசியலுக்கும் தொடர்பு இருந்ததா?

இருந்தது, அதன் மிகத் தெளிவான சான்று 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம். அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவரான ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' துணையாசிரியராக இருந்தவர். அதற்காகவே நாடு கடத்தப்பட்டவர். அப்போது முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள்: கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாருக்கும் தோட்டத்து எழுத்தர்களான கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை, அவற்றோடு தொழிலாளர் குடும்பத்துப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல். பெண்களின் மானம் ஒரு தொழில் கோரிக்கையாகவே எழுதப்பட்டது. ஆனால் அதை எழுதிய கைகள் ஆண்களுடையவை. மீனாட்சியம்மாளைப் போன்ற ஒருத்தி அந்த மேசையில் இருந்திருந்தால் பட்டியல் இன்னும் எப்படி நீண்டிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இரண்டே ஆண்டுகளில், 1943-இல், சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை அமைந்தபோது தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தப் படையில் உயர் பொறுப்பு வகித்த ஜானகி ஆதி நாகப்பன் 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார்; பின்னாளில் மேலவை உறுப்பினராகவும் இருந்தார். அதே படையிலிருந்து வந்த ராசம்மா பூபாலன் ஆசிரியைகளைத் திரட்டிச் சங்கம் கண்டு, 1960-களில் சமசம்பளத்துக்காகப் போராடினார்.

மலாய்ப் பெண்களிடையே இப்படி ஒரு பத்திரிகையாளர் உண்டா?

உண்டு. இபு சைன் என்று அன்போடு அழைக்கப்படும் சைனுன் சுலைமான், ஜொகூர் மலாய் ஆசிரியைகள் சங்கத்தின் சார்பில் 1930-இல் 'புலான் மெலாயு' என்ற பெண்கள் இதழைத் தொடங்கினார். 1950-களின் தொடக்கத்தில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் மகளிர் பிரிவுக்குத் தலைமை வகித்து, 1959-இல் நாடாளுமன்றம் சென்றார். பத்திரிகையிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து மக்களவைக்கும் அவருக்கு ஒரு பாதை அமைந்தது. அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடமும் ஆசிரியைகள் சங்கமும் இருந்தன. மீனாட்சியம்மாள் பேசியதோ பள்ளிக்கூடமே காணாத பெண்களிடம்.

நம் நாட்டில் பெண்களுக்கு எப்போது வாக்குரிமை கிடைத்தது?

1955-ஆம் ஆண்டின் முதல் கூட்டரசுத் தேர்தலிலேயே பெண்கள் ஆண்களோடு வாக்களித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேரில் உலு சிலாங்கூரில் வென்ற ஹலிமாத்தோன் அப்துல் மஜித் ஒருவர்தான் பெண். முதல் பெண் அமைச்சராக 1969-இல் பாத்திமா ஹஷிம் பொறுப்பேற்றார். இப்போது மக்களவையின் 222 இடங்களில் பெண்கள் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தமிழ்ப்பெண்களின் பெயரைச் சொல்லச் சொன்னால், 2013-இல் பத்து காவானில் வென்ற கஸ்தூரி பட்டு, அதே ஆண்டு பகாங்கின் சபாய் சட்டமன்றத் தொகுதியில் வென்ற காமாட்சி துரைராஜு என்று விரல்விட்டு எண்ணி முடித்துவிடுகிறோம்.

சுங்கை சிப்புட்டுக்கும் இந்த வரலாற்றுக்கும் ஏதாவது ஒட்டுறவு உண்டா?

நம் மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் என்ற பெருமையோடு அவர் இங்கே வந்தார். அந்தப் பள்ளியில் படித்த நம் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கட்சிகளில் மகளிர் பிரிவு இருக்கிறதே, அது போதாதா?

மகளிர் பிரிவுகள் செய்யும் பணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்; வெள்ளத்திலும் நோயிலும் முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தாம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சியின் கிளைக் கூட்டத்துக்கு நான் போயிருந்தபோது, தோட்டம் விற்கப்பட்டு வீடிழக்கும் குடும்பங்களைப் பற்றி எழுதிக் கொண்டுபோன தாளைப் படிக்க எனக்கு நேரம் தரப்படவில்லை. தேநீர் பரிமாற மட்டும் என்னைத் தேடினார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கூட்டத்தில் பேச விடாதபோது அதைப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று மீனாட்சியம்மாளைப் படித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

பெண் அரசியல் பேசினால் வீட்டில் சண்டை வராதா?

வரலாம். சில வீடுகளில் வந்தும் இருக்கிறது. ஆனால் குடிநீர்க் குழாயில் நீர் வராததும், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததும், செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்ணுக்குக் கையுறை தராததும் ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் இருக்கும் அரசியல்தான். அதைப் பற்றி வாய்திறக்கும் பெண்ணை ஏசுபவர்கள், அந்தக் குறை தீர்ந்தால் அதன் பயனை மட்டும் மறுப்பதில்லை. முதல் முறை பேசும்போது தனியாகப் பேச வேண்டாம். இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதே நான் இளம்பெண்களுக்குச் சொல்வது.

நாங்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் உங்கள் வாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள். ஆனால் தோட்டத்தைவிட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த பலருடைய அடையாள அட்டையில் இன்னும் பழைய தோட்டத்து முகவரியே இருக்கிறது. தேர்தல் நாளில் அவர்கள் பெயர் வேறு தொகுதியில் கிடக்கிறது. முதலில் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்றி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது, எழுதுங்கள். ஊராட்சிக்குத் தேர்தல் 1960-களிலேயே நிறுத்தப்பட்டு, மன்ற உறுப்பினர்கள் நியமனத்தால் வருகிறார்கள். ஆகவே அங்கே வாக்குச்சீட்டால் சொல்ல முடியாததை எழுத்தால்தான் சொல்ல வேண்டும். நாளிதழின் வாசகர் கடிதத்துக்குப் பத்து வரி போதும். பெயரைப் போட்டு எழுதுங்கள். கணவர் பெயரில் அனுப்ப வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் இப்போது முதல் அரைமணி நேரம் அந்த வாரத்து நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்கிறார், மற்றவர்கள் கேட்கிறோம். கண் மங்கிய பாட்டிமாருக்காகத் தொடங்கியது. இப்போது இளம்பெண்கள்தாம் நேரம் தவறாமல் வருகிறார்கள். பாட்டிமார் இனிக் கதவோரம் நிற்க வேண்டாம் என்பதற்காக முன்வரிசை நாற்காலிகளை அவர்களுக்கென்றே போட்டு வைக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்; உங்கள் வாக்களிப்பு மையம் எது என்று கைப்பேசியில் பார்த்துச் சொல்ல இரண்டு மாணவிகள் இருப்பார்கள்.